விராலடிப்பான் கூட்டருகே ஒரு பிடி சோறு

பாரிசுக்கு நான் போனது ஒரு பட்டச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு. அண்ணன் மகள் கயல் அங்கே படிக்கிறாள். ஏதோ ஓர் அலுவலகம் அவளிடம் ஒரிஜினலைக் காட்டச் சொல்லிவிட்டது. அண்ணனுக்குக் கூரியரில் நம்பிக்கை கிடையாது. எனக்கு அதைவிடக் குறைவு. வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பது வருஷம் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். ஒரிஜினல் என்று யாராவது சொன்னாலே இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது, கையில் பாஸ்போர்ட் இருந்தது, கிளம்பிவிட்டேன்.

வீட்டில் சொன்ன காரணம் இது. சொல்லாத காரணம் ஒரு பறவை.

எங்கள் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் எப்போதாவது விராலடிப்பான் வரும். தண்ணீருக்கு மேலே நின்று நிதானமாகப் பார்த்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு பொத்தென்று விழுந்து, மீனோடு எழும்பும் பருந்து. எங்கள் பக்கம் அது கூடு கட்டுவதில்லை. சாப்பிட வரும், போய்விடும். முட்டையும் குஞ்சும் எல்லாம் வேறு நாட்டில். வருஷம் தவறாமல் வீட்டுக்கு வந்து போகிறவருடைய மனைவி மக்களை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தக் குறை இருந்தது.

கயல் வாடகைக்கு இருக்கும் வீடு பாரிசை ஒட்டிய லா கூர்னெவ்வில். வீட்டுக்காரர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், பிரெஞ்சு உணவகம் ஒன்றில் மீன் பிரிவில் சமையல். மகள் வேறு ஊரில் வேலைக்குப் போனதும் அவள் அறையைக் கயலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் பறவைப் பைத்தியத்தைப் பற்றிக் கயல் ஏதோ சொல்லப்போக, ஒருநாள் அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. மர உச்சியில் கூடு, கூட்டில் விராலடிப்பான். கீழே குரல் செய்தி: "அக்கா, இதுக்குத் தமிழிலை என்ன பேர்?" சொன்னேன். "இஞ்சை விரால் இல்லை அக்கா, அது பாவம் கிடைக்கிறதை அடிக்குது" என்று பதில் வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சான்றிதழ் பிறகு வந்த சாக்கு.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஏழாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. என் பெட்டியைச் சிவநேசன் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, விரல்களில் எல்லாம் கத்தித் தழும்பு. வாசலில் அவர் மனைவி ராஜினி நின்றாள்.

"வாங்கோ அக்கா, நல்லாக் களைச்சுப்போனியள். முதலிலை சாப்பிடுங்கோ, பேந்து குளிக்கலாம்."

இடியாப்பமும் சொதியும் வைத்தாள். சொதி என்றதும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. திருநெல்வேலிக்காரியிடம் சொதியா! எங்கள் ஊரில் மறுவீட்டுச் சாப்பாடு அது. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுத் தேங்காய்ப்பாலில் திக்காக வைப்போம். இங்கே தண்ணீர் மாதிரி ஓடியது. "இது சொதியா?" என்று கேட்டுவிட்டேன். "அப்ப நீங்கள் வைக்கிறது கறி அக்கா" என்றாள் ராஜினி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். மூன்று முறை ஊற்றிக்கொண்டேன். அதன்பிறகு அந்த விஷயத்தை நான் எடுக்கவில்லை.

சான்றிதழைக் கயல் கையில் கொடுத்துப் பெருமூச்சு விட்டேன். அவள் அதைப் பார்க்காமலே மேசை டிராயரில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவநேசனோடு தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் போனேன். மறுநாள் சித்திராபௌர்ணமி, விரதச் சமையலுக்குச் சாமான் வாங்க வேண்டும். எங்கள் பக்கம் சித்திராபௌர்ணமி என்றால் சித்திரகுப்தன், ஆற்றங்கரை, கட்டுச்சோறு. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அது தாயை இழந்தவர்களின் விரதநாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராபௌர்ணமி. கடைத்தெரு முழுக்க அந்தக் கூட்டம். வாழை இலைக்கு வரிசையே நின்றது. கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "உது முத்தல், எனக்கு வேண்டாம்" என்று கடைக்காரரைப் பார்க்காமலே சொன்னார். அவர் கூடவே வந்த இளம்பெண் பிரெஞ்சில் ஏதோ பதில் சொன்னாள். தாயும் மகளும் ஆளுக்கொரு மொழியில் சண்டை போட்டுக்கொண்டே, ஒரே பையை இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா இந்தியாவோ?" என்று கடைக்காரர் கேட்டார். முருங்கைக்காய் என்று நான் சொன்ன விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாராம்.

சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சிவநேசன் ஒரு சிக்கலைச் சொன்னார். விரதம் இருப்பது அவருக்குக் கஷ்டம் இல்லை. முடிப்பதுதான் கஷ்டம். படைத்த சோற்றில் ஒரு பிடி காகம் எடுத்த பிறகுதான் அவர் சாப்பிடலாம். அவர் வீட்டுப் பால்கனிக்குப் புறாதான் வரும்.

"போன வருசம் நாலு மணி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனான் அக்கா. புறா முழுக்கத் திண்டு முடிச்சிட்டுது. ராஜினி பேசினா, அதுவும் பறவைதானே, சாப்பிடுங்கோ எண்டு. மனம் வரேல்லை."

"பார்க்கில் காக்கை இல்லையா?"

"இருக்கு. போய் வைச்சால் அதுக்குள்ளை புறா முந்தீடும். அம்மா தவறிப் பன்னிரண்டு வருசம். ஒருக்காவும் காகம் நேரத்துக்கு வரேல்லை." பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப என்னட்டை விசாப் பேப்பர் ஒண்டும் இல்லை. போகேலாது. செத்த வீட்டைக் கொம்பியூட்டரிலை பாத்தனான். கொள்ளி தம்பிதான் வைச்சவன். இந்த ஒருநாளையாவது ஒழுங்காச் செய்யவேணும் எண்டு நினைக்கிறன், அதுவும் சரிவருதில்லை."

வாழை இலைச் சுருளை நான் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவருக்கு உணவக விடுமுறை. வாரத்தில் அந்த ஒரு நாளையும் அவர் பறவைக்குக் கொடுத்துவிடுகிறார். அது எப்படி என்று கூட்டைப் பார்க்கப் போகும் ரயிலில் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உணவக முதலாளி எல்லோரையும் ஒரு நாள் கூடு இருக்கும் அந்த ஏரிக்காட்டுக்கு அழைத்துப்போயிருக்கிறார். ஆண் பறவை மீனைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அங்கிருக்கும் பறவைக் காப்பகத்தின் பொறுப்பாளர் ஒதில் அம்மாள் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அது என்ன மீன் என்று குழம்பியிருக்கிறார். சிவநேசன் வெறும் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். வாலையும் வயிற்றையும் பார்த்தாலே தெரியுமாம். தினமும் பெட்டி பெட்டியாகச் செதிள் எடுக்கிறவருக்கு அது ஒரு வித்தையா? ஒதில் அம்மாள் அதே வாரம் அவரைத் தன்னார்வக் கண்காணிப்பாளராகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த வசந்தத்தில் பார்வைக் குடிலின் சாவியையே கொடுத்துவிட்டார். அந்தச் சாவியைச் சிவநேசன் வீட்டுச் சாவியோடு கோத்து, கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"அங்கை எனக்கு ஆரும் விளக்கம் சொல்லுறேல்லை அக்கா. என்னட்டைத்தான் கேக்கினம்" என்றார். ஏழு மாடி ஏறியபோதும் நிமிராத முதுகு இதைச் சொல்லும்போது நிமிர்ந்தது.

போன வருஷமும் இந்த ஜோடி முட்டை இட்டதாம், ஒன்றும் பொரிக்கவில்லை. இந்த வருஷம் மூன்று முட்டை. அடைகாக்கத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது. இன்றோ நாளையோ பொரிக்கும்.

நகரத்துக்குள்ளேயே ரயில் ஒருமுறை நின்றது. யாரோ ஒரு பையை மறந்துவிட்டுப் போய்விட்டார்களாம். எல்லோரையும் நடைமேடையில் இறக்கி நிற்கவைத்தார்கள். என் கையில் ராஜினி கட்டிக்கொடுத்த நாலடுக்குத் தூக்கு. துப்பாக்கி மாட்டிய சிப்பாய் ஒருவர் அதையே பார்த்தார், பிறகு திறந்து காட்டச் சொன்னார். முதல் அடுக்கில் சோறு, இரண்டாவதில் பருப்பு, மூன்றாவதில் கத்தரிக்காய்ப் பால்கறி, நான்காவதில் வாழைக்காய்ப் பொரியலும் வடையும். அடுக்கடுக்காகக் குனிந்து பார்த்தவர் வடையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இனிப்போ உறைப்போ எண்டு கேக்கிறார்" என்றார் சிவநேசன்.

காப்பகத்தை நெருங்கும்போது மூன்று விதிகள் சொன்னார். உரத்துப் பேசக்கூடாது. குடிலுக்கு வெளியே நின்று கையைக் காட்டக்கூடாது. சாப்பாட்டை அங்கே திறக்கவே கூடாது. தூக்குச் சட்டி திரும்பி வரும்போது ஸ்டேஷன் பக்கத்துப் பார்க்கில் திறப்பதற்கு. அங்கே காகம் உண்டு, புறா குறைவு, போன வாரமே பார்த்துவைத்திருக்கிறார். நான் தலையை ஆட்டினேன். மூன்றும் எனக்குத் தெளிவாக விளங்கின. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடில் என்பது மரப்பலகை அறை. கண் மட்டத்தில் நீளமாக ஒரு திறப்பு, அதில் தொலைநோக்கி. எதிரே ஏரி. ஏரிக்கு அந்தப்பக்கம், முந்நூறு மீட்டர் தள்ளி, பைன் மரத்தின் உச்சியில் கூடு. விறகுக் கட்டை அவிழ்த்துப் போட்டது போல இருந்தது. கண்ணை வைத்தேன். பெட்டை திரும்பி என்னையே பார்த்தது. வெள்ளைத் தலை, கண்ணிலிருந்து கழுத்துவரை அகலமான மைக்கோடு, மார்பில் பழுப்பு நிற மாலை. எத்தனை குளிர்காலமாகத் தூரத்தில் பார்த்த முகம்! எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. விதி ஒன்று நினைவுக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் ஆண் மீனோடு வந்தது. கூட்டில் இறங்கவில்லை. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து முதலில் தான் தலைப்பக்கத்தைத் தின்றது. பெட்டை கத்தியது. அது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நிதானமாகப் பாதி முடித்துவிட்டு, மீதியைக் கொண்டுவந்து கொடுத்தது. பெட்டை வாங்கிக்கொண்டு கிளையில் போய்ச் சாப்பிட, ஆண் முட்டைமேல் உட்கார்ந்தது. நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டு, காலை முஷ்டியாக வைத்து நடந்தது. முட்டையில் கீறல் விழக் கூடாதாம். இவ்வளவு பொறுப்பானவர் மீன் தலையையும் விட்டுவைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவநேசன் பதிவேட்டில் எழுதினார். அந்தப் பதிவேட்டைப் பார்த்து எனக்கு ஆசையாகிவிட்டது. நேரம், எது கூட்டில், எது வெளியே, என்ன மீன், எத்தனை நிமிடம், காரணம். கட்டம் கட்டமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், எழுத்துக்கூட்டி எழுதிய பிரெஞ்சு. எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பதிவேடு இருந்ததில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆண் முட்டைகளைப் பெட்டையிடம் விட்டுவிட்டு மறுபடி மீன்பிடிக்கப் போய்விட்டது. குளிர்ந்த காற்று. சிவநேசன் காலையிலிருந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் குடிலுக்குப் பின்னால் ஒரு காகம் கத்தியது. எட்டிப் பார்த்தேன். கழுத்தில் சாம்பல் இல்லாமல் முழுக் கறுப்பாக, நம் அண்டங்காக்கை மாதிரி, வேலிக்கட்டையில் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, காக்கை தானா வந்து உட்கார்ந்திருக்கு. ஒரு பிடி வச்சிட்டு நீங்க சாப்பிட்டா என்ன?"

"இஞ்சை திறக்கக்கூடாது அக்கா."

"குடிலுக்குப் பின்னாலதான வைக்கப் போறோம். கூடு அந்தாண்ட இருக்கு, ஏரியே நடுவுல கிடக்கு. இந்த ஒரு பிடி சோறு அதுக்குத் தெரியவா போகுது? பன்னிரண்டு வருஷம் காத்திருந்தீங்க. இது உங்க அம்மாவே அனுப்பின காக்கை."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. இதையும் சொல்லிவிடுகிறேன்: பசி எனக்கும் இருந்தது. அவர் சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது?

அவர் காகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தூக்கைத் திறந்தார். இலைத்துண்டில் சோறும் பருப்பும் எல்லாக் கறியும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, பின்பக்கக் கதவைத் திறந்து, அங்கே வெட்டிவிட்டிருந்த அடிமரத்தின்மேல் வைத்தார். "கா, கா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். காகம் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. தத்தி வந்தது, வடையை எடுத்தது. சிவநேசன் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. எனக்கும் கண் கலங்கியது. பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது காகம் வந்தது. பிறகு இன்னும் இரண்டு. சாப்பிட்டு முடிந்ததும் நம் ஊரில் காக்கை என்ன செய்யும்? பக்கத்தில் உயரமான இடம் பார்த்து உட்கார்ந்து, இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்க்கும். இவையும் அதையேதான் செய்தன. அந்த ஏரிக்கரையில் மிக உயரமான இடம் அந்தப் பைன் மரம்.

நான் உள்ளே வந்து கண்ணை வைத்தபோது கூட்டின் விளிம்பில் ஒரு காகம் நின்றது. இன்னொன்று பின்னால் போய்ப் பெட்டையின் வாலைப் பிடித்து இழுத்தது. பெட்டை திரும்பிச் சீறியது. மறுபடி இழுத்தது. மூன்றாம் முறை பெட்டை எழும்பித் துரத்தியது. அது பறந்த திசைக்கு எதிர்ப்புறமிருந்து மற்ற காகங்கள் இறங்கின. கூட்டில் முட்டைகள் திறந்து கிடந்தன.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தேன். சிவநேசன் என் கையைப் பிடித்தார்.

"போகாதேங்கோ. ஆளைக் கண்டால் அவ இன்னும் தூரம் போயிடுவா. ஒண்டும் செய்யேலாது."

"அப்ப என்னதான் செய்றது?"

"நேரம் பாக்கிறது" என்றார். கைக்கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டுத் தொலைநோக்கியில் குனிந்தார்.

அந்த மாதிரி நிமிடங்களை நான் கடந்ததில்லை. பெட்டை திரும்பி வரும், ஒரு காகத்தைத் துரத்தும், இன்னொன்று இறங்கும். மூக்கு கூட்டுக்குள் போய் வெளியே வரும். அதில் என்ன இருக்கிறது என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. ஐந்து வாரம் சூடு ஆறாமல் வைத்திருந்த முட்டை, குளிர் காற்றில். சிவநேசனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. தேவாரமோ நிமிடக் கணக்கோ, நான் கேட்கவில்லை.

ஆண் பறவை ஏரியின் கோடியில் தெரிந்தது, காலில் மீனோடு. கூட்டைப் பார்த்ததும் மீனை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டது. காலையில் தலைப்பக்கத்தைத் தானே தின்ற அதே ஆசாமி. நேராக வந்து ஒரு காகத்தின்மேல் விழுந்தது. இறகு பறந்தது. இரண்டும் சேர்ந்து துரத்த, காகங்கள் காட்டுக்குள் போயின. பெட்டை இறங்கியது. குனிந்து எதையோ அலகால் சரிசெய்தது, பிறகு உட்கார்ந்து உடம்பை இரண்டு பக்கமும் அசைத்து அமர்ந்தது.

"பதினாலு நிமிசம்" என்றார் சிவநேசன்.

முட்டை எத்தனை மிச்சம் என்று அங்கிருந்து தெரியாது. குஞ்சு தலை நீட்டும்வரை யாருக்கும் தெரியாது.

அவர் பின்னால் போய் இலையை எடுத்து, சிந்திய பருக்கையையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பேனாவை எடுத்தார். அப்போது நான் இரண்டாவது யோசனையையும் சொன்னேன். முப்பது வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"தம்பி, காக்கை வந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க. காக்கை எங்கயும் வரும். சோத்தைப் பத்தி எழுதாட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"போன வருசம் ஏன் பொரிக்கேல்லை எண்டு அவைக்கு இண்டைக்கும் தெரியாது அக்கா. ஏனெண்டால் அந்தக் கட்டத்தை ஆரோ வெறுமையா விட்டவை. நானும் விட்டால் இதை வைச்சிருந்து என்ன பிரயோசனம்?"

எழுதினார். நாலைந்து வரி. எழுதி முடிந்ததும் அந்தப் பக்கத்தையும் பழக்கதோஷத்தில் படம் எடுத்தேன். என்ன எழுதினார் என்று எனக்குப் புரியாது, கேட்கவும் வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு ஒதில் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நரைத்த முடியைப் பென்சில் ஒன்றால் முடிந்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தார். பிறகு பதிவேட்டைப் படித்தார். படிக்கப் படிக்க அந்தச் சிரிப்பு போய்விட்டது. சிவநேசனிடம் ஏதோ கேட்டார். அவர் நின்றபடி பதில் சொன்னார். "மமான்" என்ற சொல் மட்டும், அம்மா என்று, எனக்குப் புரிந்தது. ஒதில் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் கையைக் காட்டி இன்னொரு கேள்வி கேட்டார். சிவநேசன், "நோ" என்றார். மறுபடி அதையே கேட்டார் போலிருந்தது. மறுபடியும் "நோ".

பிறகு சிவநேசன் தாமாகவே கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். வீட்டுச் சாவியிலிருந்து குடில் சாவியைப் பிரிக்க நகம் நுழையவில்லை. ஒதில் அம்மாள் பென்சிலை உருவிக் கொடுத்தார். அதை வைத்து நெம்பிப் பிரித்து மேசையில் வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று பாதையில் கேட்டேன்.

"பிழை எண்டு சொன்னவ. பிழைதானே."

"என்னைக் காட்டி என்னமோ கேட்டாங்களே?"

"இந்தியாவிலை எந்த ஊர் எண்டு கேட்டவ."

ஸ்டேஷன் பார்க்கில் நிறையக் காகங்கள் இருந்தன. நாங்கள் நிற்கவில்லை. வீடு வரும்வரை அவர் சாப்பிடவில்லை, நானும்தான். ஏழு மாடி ஏறிப் போனதும் ராஜினி கதவைத் திறந்துகொண்டே கேட்டாள், "காகம் எடுத்ததோ?"

"ஓம்" என்றார் சிவநேசன். "இந்தமுறை நேரத்துக்கு வந்தது."

அவள் சந்தோஷப்பட்டு இலை போடப் போனாள். அவர் கைகழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் கயலின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கயலோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சான்றிதழை மூன்று விநாடி பார்த்துவிட்டு, நகல் போதும் என்று திருப்பிக் கொடுத்தாள். வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பெண்ணோடு தமிழிலேயே சண்டை போட்டிருப்பேன். வியாழக்கிழமை கிளம்பினேன். பெட்டியைச் சிவநேசனே இறக்கினார். ராஜினி மிளகாய்த்தூள் கட்டிக்கொடுத்தாள். கூட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பெட்டையின் மார்புக்குக் கீழே இரண்டு சிறிய தலைகள். "ரெண்டு பொரிச்சிட்டுது அக்கா. மூண்டாவது இல்லை." படம் வழக்கத்தைவிடத் தூரத்திலிருந்து எடுத்ததாக இருந்தது. கயலிடம் விசாரித்தேன். அவர் இப்போதும் எல்லாத் திங்கட்கிழமையும் போகிறாராம். சாவி இல்லாததால் வெளியே பொதுமக்களுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறாராம்.

அன்றைக்குத்தான் நான் எடுத்த படங்களைத் தேடி, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைக் கயலுக்கு அனுப்பினேன். என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்றேன். அவள் உடனே கூப்பிட்டாள்.

"அத்தை, 'பெட்டை கூட்டுக்கு வெளியே பதினான்கு நிமிடம். காரணம், நான்கு காகங்கள். காகங்கள் வந்ததற்குக் காரணம், நான் வைத்த சோறு'ன்னு எழுதியிருக்கார். அப்புறம் உங்களைப் பத்தி ஒரு லைன் இருக்கு."

"என்னன்னு?"

"'உடன் வந்த விருந்தினருக்கு விதிகள் தெரியாது. அவர் இதில் எதுவும் செய்யவில்லை.'"

ஒரு காரணத்தையும் விடாமல் எழுதிய மனுஷன், அந்த ஒரு வரியில் மட்டும் பொய் எழுதியிருக்கிறார். அதுவும் எனக்காக. இரண்டு "நோ"வும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து ஒதில் அம்மாளுக்குக் கடிதம் எழுதினேன், கயல் பிரெஞ்சில் மாற்றிக் கொடுத்தாள். விதிகள் எனக்குத் தெரியும், காப்பகத்துக்குப் போகும் வழியிலேயே சொன்னார். சோறு வைக்கச் சொன்னது நான். அவர் மறுத்தார், நான்தான் வற்புறுத்தினேன். மறைக்கச் சொன்னதும் நான். அலுவலகத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் இத்தனை "நான்" வந்ததில்லை.

முதலில் சிவநேசனின் போன்தான் வந்தது. முதன்முறையாகக் குரலில் கோபம். "ஏன் அக்கா எழுதினீங்கள்? என்ரை வீட்டுக்கு வந்த ஆளை நான் அப்பிடி விடுவனே?" நான், "அந்தக் கட்டத்தை வெறுமையா விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க தம்பி" என்றேன். அவர், "சொதியை ராஜினி விசாரிச்சவ" என்று ஏதோ சம்பந்தமில்லாமல் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஒதில் அம்மாளின் பதில் நான்கு வரி. மூன்றாவது முட்டை காகத்தால் போனதா, குளிரால் போனதா, எப்படியும் பொரிக்காமல் போயிருக்குமா என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தோடு ஒட்டிவிட்டேன். இந்த வருஷம் சாவி இல்லை. மார்ச் மாதம் பறவைகள் திரும்பி வரும்போது சிவாவும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்த மாத அமாவாசைக்கு வழக்கம்போல் மொட்டைமாடியில் சோறு வைத்தேன். எங்கள் ஊர்க் காக்கைகளுக்குக் கூப்பிடவே வேண்டாம். முன்பெல்லாம் வைத்த கையோடு இறங்கி வந்து இலை போட்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்குச் சோறு தீரும்வரை நின்றேன். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பறக்கிறது, எந்த மரத்தில் போய் உட்காருகிறது, அந்த மரத்தில் யார் கூடு இருக்கிறது என்று பார்த்தேன். கீழே வந்து சாப்பிடும்போது சோறு ஆறிப்போயிருந்தது.